கருநாகத்தின் கோட்டு

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் தையல்கார அக்காவின் கடையில் ஊசிக்கு ஓய்வு. இழுகதவைப் பாதி இறக்கிவிட்டு, துணி வெட்டும் மேசையைச் சுவரோரம் தள்ளி, அதன்மேல் தொலைக்காட்சிப் பெட்டியை ஏற்றிவிடுவாள். மல்யுத்த நிகழ்ச்சி தொடங்கிவிட்டால் இடியே விழுந்தாலும் எழுந்திருக்கமாட்டாள். அவசரமாக இடுப்புச் சுற்றளவைக் குறைக்க வந்தவர்கள் பலர் அந்தப் பாதிக் கதவுக்குக் கீழே குனிந்து பார்த்து, "ஓ, சண்டையா" என்று திரும்பிப் போயிருக்கிறார்கள்.

அந்த நிகழ்ச்சியைப் பற்றி அவளிடம் இல்லாத அபிப்பிராயம் கிடையாது. நடுவர் என்பவர் தப்பான சமயத்தில் வேறு பக்கம் திரும்பிப் பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர். இரட்டையர் போட்டி என்பது இரண்டு சோம்பேறிகள் சேர்ந்து ஒரு ஆள் வேலையைப் பார்ப்பது. மைக்கைப் பிடித்தால் விடாதவன் அரை மல்லன்தான். முழு மல்லன் என்று அவள் ஒப்புக்கொண்டது ஒரே ஒருவனை. அவன் பெயர் இரும்புத்தோள். மேடையில் வைத்த பெயர்தான். அம்மா அப்பா வைத்த பெயர் யாருக்குத் தெரியும்? முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வீட்டில் கிடந்தவன், நெடுநாள் கழித்து இந்த ஞாயிற்றுக்கிழமைதான் களத்துக்குத் திரும்புகிறான். எதிராளி, அவள் வாரம் தவறாமல் நெட்டி முறித்துச் சபிக்கிற கருநாகம்.

"எல்லாம் பேசி வச்ச நாடகம் அண்ணி," என்பாள் நாத்தனார். பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் மெஷின் வைத்திருக்கிறவள். வாரா வாரம் குறை சொல்ல வருவாள். கடைசி மணி அடிக்கும்வரை போகமாட்டாள்.

"முடிவு பேசி வச்சதுதான். யாரு இல்லேன்னா? விழறதப் பேசி வைக்க முடியுமா? இந்த ஸ்டூல் மேலேருந்து முதுகு தரையில படற மாதிரி விழு பாப்போம். நல்லாப் பேசி வச்சிட்டே விழு."

"வேணாம், வேணாம். ஸ்டூல் பாவம்," என்றார் அக்காவின் வீட்டுக்காரர். குழாய் ரிப்பேர்க்காரர். நாத்தனார் அண்ணனை முறைத்தாள்.

ஆனால் அந்த ஞாயிறு வேறு மாதிரி ஞாயிறு. அதற்குக் காரணம் முன்னால் வந்த வியாழக்கிழமை.

அன்றைக்கு மதியம் நிகழ்ச்சியின் உடுப்புக்காரர், வியர்த்து விறுவிறுத்து, அவள் கடைக்குள் நுழைந்தார். வழக்கமாகத் தைக்கிற மாஸ்டருக்குக் காய்ச்சலாம். கையிலிருந்த உறையைப் பிரித்ததும் அக்காவுக்கு மூச்சு நின்றுபோயிற்று. கருநாகத்தின் கோட்டு! தரையைத் தொடுகிற நீளம். முதுகு நெடுகப் படமெடுத்த பாம்பு, செதில் செதிலாக வெள்ளி நூலில்.

"காலர்ல இந்த ஒரு கொக்கி மட்டும் போட்டுக் குடுங்கக்கா. சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு அவர் ஓடிவிட்டார்.

கொக்கியைப் போட எவ்வளவு நேரமாகும்? போட்டு முடித்துக் கோட்டைத் திருப்பினாள். முதுகில், பாம்பின் நடுத்தண்டு வழியாக, மேலிருந்து கீழ்வரை நீளமாக ஒரு இணைப்பு. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விரல் நுழையும் அளவுக்குப் பெரிய பெரிய ஓட்டுத்தையல். அதுவும் தும்மினால் அறுகிற நூல். எந்தச் சோம்பேறி தைத்தான் இதை? நாடே பார்க்கிற கோட்டையா இப்படி?

இரும்புத்தோள் போன வாரம்தான், "அந்தப் பாம்பை நடுமுதுகுல ரெண்டாக் கிழிக்கிறேன்" என்று சபதம் போட்டிருந்தான். அதை நாத்தனாருக்கு நடித்துக்கூடக் காட்டியவள் அவள்தான். ரசிகையாக ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் விஷயம் விளங்கியிருக்கும். அவள் யோசித்தது தையல்காரியாக. கை முந்திக்கொண்டது. பழைய நூலை உருவிப் போட்டாள். கடையிலேயே கெட்டியான நூலை எடுத்து, உள்ளே நாடா கொடுத்து, போன தடத்திலேயே மறுபடி மறுபடி மெஷினை ஓட்டினாள். எதிரியின் கோட்டுதான்; அதற்காக வேலையில் வஞ்சனை செய்ய முடியுமா? இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். யானை கட்டலாம்.

உடுப்புக்காரர் வந்தார், கொக்கியைப் பார்த்தார், மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

ஞாயிறு சாயங்காலம் நேரடி ஒளிபரப்பு. கூட்டம் பெயர் சொல்லிக் கத்த, இரும்புத்தோள் வந்தான். முழங்காலில் கறுப்புப் பட்டை. நடையில் லேசான தாங்கல். அக்கா கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, "ராசா, பாத்து ஏறுப்பா," என்றாள். அடி, உதை, கயிற்றில் மோதல் எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தன. பிறகு அவன், கோட்டைக் கழற்றாமலே சண்டை போட்ட கருநாகத்தின் பின்னால் போய் நின்று, கோட்டின் கழுத்தை இரண்டு கையாலும் பற்றினான். கூட்டம் எழுந்து நின்றது. ஒரே இழுப்பு.

ஒன்றும் ஆகவில்லை.

மறுபடி இழுத்தான். துணி விறைத்ததே தவிர, ஒரு இழை விடவில்லை.

அக்கா தலையில் கைவைத்தாள். "ஐயையோ," என்றாள்.

"என்ன அண்ணி?"

"கிழியணும்... அது கிழியறதுக்குன்னே வச்ச தையல்டி. நான் இறுக்கித் தச்சிட்டேன்டி!"

வீட்டுக்காரர் தொலைக்காட்சியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "கொக்கிதானே போடச் சொன்னாங்க?" என்று கேட்டார்.

மூன்றாவது இழுப்பில் கூட்டத்தின் ஒரு மூலையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். மூங்கில் என்று ஒரு மல்லன் இருந்தான். ஒருநாள் கயிற்றைத் தாண்டும்போது கால் மாட்டிக்கொண்டு குப்புற விழுந்தான். கூட்டம் சிரித்தது. அடுத்த வாரம் அவன் திரையை விலக்கி வரும்போதே சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அவனை யாரும் பார்க்கவில்லை. மல்லன் அடி தாங்குவான், தோல்வியும் தாங்குவான், சிரிப்பை மட்டும் தாங்கமாட்டான் என்பது அவளுடைய பழைய அபிப்பிராயம். இப்போது அவள் போட்ட தையலில் ஒரு மனிதனின் பிழைப்பு மாட்டிக்கொண்டு நின்றது. இரும்புத்தோளின் காது சிவப்பதுகூடத் திரையில் தெரிந்தது. சிரிப்பு ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் பரவியது.

அப்போது கருநாகம் திரும்பினான். இரும்புத்தோளின் கழுத்தை முழங்கைக்குள் அமுக்கிக் கீழே குனியவைத்தான். பார்ப்பவர்களுக்கு அது கழுத்துப்பிடி. ஆனால் அவன் வாய் இரும்புத்தோளின் காதோரம் அசைந்ததை அக்கா பார்த்தாள். இத்தனை வருஷம் பார்த்தவள் அல்லவா.

பிடியை விட்டதும் கருநாகம் கூட்டத்தைப் பார்த்து நெஞ்சைத் தட்டினான். "இழு!" என்று கத்தினான். "இன்னும் இழு! என் தோலுடா இது! உன்னால உரிக்க முடியுமா?" முதுகைக் காட்டிக்கொண்டு, தானே கோட்டின் வாலைத் தூக்கி எதிராளியின் கையில் கொடுத்தான்.

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் குழம்பினார்கள். பிறகு கொந்தளித்தார்கள். கிழியாதது இப்போது இரும்புத்தோளின் குற்றம் இல்லை. அந்தப் பாம்பின் திமிர்.

இரும்புத்தோள் கோட்டின் வாலை முறுக்கிப் பிடித்தான். கால்களை அகட்டி ஊன்றினான். சுழற்றினான். கருநாகம் முதலில் தரையில் இழுபட்டான், பிறகு கால் தூக்கிற்று, பிறகு மொத்த ஆளும் தரையை விட்டுக் கிளம்பிவிட்டான். பீரோ மாதிரி மனிதன், ஒரு கோட்டில் தொங்கிக்கொண்டு காற்றில் வட்டமடித்தான்! அந்த இணைப்பு, அவள் தைத்த இணைப்பு, அத்தனை பாரத்தையும் தாங்கியது. நாத்தனார் ஸ்டூலின்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். எப்போது ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது.

பிறகு பாம்பு வெளியே வந்தது. கோட்டு இரும்புத்தோளின் கையில் முழுசாக நின்றுவிட, உள்ளிருந்த ஆள் மட்டும் வழுக்கிக்கொண்டு கயிற்றுக்கு மேலே பறந்து, வர்ணனையாளர்களின் மேசையில் முதுகடித்து விழுந்தான். மேசை இரண்டாயிற்று. "சட்டைய உரிச்சிட்டான்யா! பாம்புச் சட்டைய முழுசா உரிச்சிட்டான்!" என்று வர்ணனையாளர் தொண்டை கிழியக் கத்தினார். இரும்புத்தோள் அந்தக் கோட்டைத் தன் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். கூட்டம் கூரையைப் பெயர்த்தது.

அக்கா மட்டும் அவனைப் பார்க்கவில்லை. உடைந்த மேசைக்கு நடுவில் எழுந்திருக்காமல் கிடந்தவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மேசையில் மெத்தை கிடையாது. அங்கே விழுவதாக யாரும் பேசி வைக்கவும் இல்லை.

விளம்பரம் ஓடும்போது கைபேசி அடித்தது. உடுப்புக்காரர்.

"அக்கா, முதுகுத் தையல..."

"நான்தாம்ப்பா தச்சேன். தெரியாமப் பண்ணிட்டேன். அந்தத் தம்பிக்கு எப்படி இருக்கு? எழுந்திரிச்சிட்டாரா?"

"யாரு, இரும்புத்தோள் அண்ணனா?"

"இல்லப்பா. பாம்பு."

"முதுகுல ஐஸ் வச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு. திட்டத்தான் போறாருன்னு நெனச்சேன். கோட்டக் கையில வாங்கித் தையலத் தடவித் தடவிப் பாத்தாருக்கா. காதுல அவரு சொன்னது ஒண்ணே ஒண்ணுதானாம். 'இது தாங்கும், தைரியமா சுத்து.' இழுத்த இழுப்புலயே தெரிஞ்சுக்கிட்டாராம்."

"அப்புறம் எப்படிக் கழண்டு வந்தாரு?"

"கழண்டு வரலக்கா. கோட்டோட கைநுனி ரெண்டையும் உள்ளேருந்து முஷ்டியில இறுக்கிப் புடிச்சிருந்தாரு. புடிச்சிருந்தவரைக்கும் இரும்புத்தோள் அண்ணன் சுத்தினாரு. அப்புறம் பாம்பு அவராவே விட்டாரு."

அக்கா கைபேசியை மடியில் வைத்தாள். வீட்டுக்காரர் என்ன என்று கண்ணால் கேட்டார். நாத்தனார் ஸ்டூலிலிருந்து இறங்கி, "அண்ணி, என்ன சொல்றாங்க? சொல்லுங்களேன்," என்று தோளை உலுக்கினாள்.

விளம்பரம் முடிந்து அந்தக் காட்சியை மெதுவாக ஓடவிட்டுக் காட்டினார்கள். அக்கா பெட்டிக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டாள். வெள்ளிச் செதில்கள் மின்ன மின்ன அந்த ஆள் சுற்றி வந்தான். அவள் பார்வை கோட்டின் கைநுனிகளில் இருந்தது. துணிக்குள்ளிருந்து இரண்டு முஷ்டிகள் புடைத்துத் தெரிந்தன. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. அந்த நொறுங்கப்போகிற மேசை எந்தப் பக்கம் இருக்கிறது என்று தலையைத் திருப்பி ஒருமுறை பார்த்துக்கொண்டான். பிறகு, யாரும் கேட்காமல், யாரும் தள்ளாமல், அந்த விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.