கம்பத்தடியில் ஒரு மூச்சு

குன்றின் மேல் கம்பத்தடியில் நின்று ஹோர்லோ போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அதற்குள் இருந்தது அவள் புருஷன் தாஷின் மூச்சு.

மூச்சு இழுக்கிறது என்று காலையில் இங்கிருந்துதான் டாக்டரம்மாவிடம் சொன்னாள். சொன்னால் போதாது, அந்த இழுப்பைப் பதிவுசெய்து அனுப்பு, கேட்டுவிட்டுத்தான் வண்டி விடுவதா என்று சொல்வேன் என்றாள் அந்த அம்மா. கீழே இறங்கி, தாஷின் தலையணையில் போனை வைத்து, பதிவை அமுக்கிவிட்டு, வெளியே போய்க் குதிரைக்குச் சேணம் கட்டினாள். திரும்பி வந்து போனைப் பறித்துக்கொண்டு ஓடினாள்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. கோபிப் பாலைவனத்தில் ஆடு மேய்க்கிற எல்லார் மடியிலும் போன் இருக்கிறது. சிக்னல் மட்டும் இந்தக் குன்றின் உச்சியில், இந்த ஒரு கம்பத்தடியில் குடியிருக்கிறது.

வட்டம் நின்றது. பதிவு போய்விட்டது. அப்பாடா என்று கீழே பார்த்தாள்.

அவர்கள் கூடாரத்தின் உச்சித் துவாரத்துத் துணி மூடியிருந்தது. பனி கொட்டாத பட்டப்பகலில், உள்ளே உயிர் போனால்தான் அதை இழுத்து மூடுவார்கள். கொழுந்தன் கல்சன் குன்றேறி வந்துகொண்டிருந்தான். குதிரையை விரட்டவில்லை.

அருகில் வந்தும், அண்ணன் செத்துப்போனான் என்று அவன் சொல்லவில்லை. அந்த வார்த்தையை அங்கே யாரும் சொல்வதில்லை.

"போனக் குடுங்க அண்ணி. யார் தொடலாம்னு லாமாவக் கேக்கணும்."

கொடுத்தாள். வீட்டில் எல்லாரும் பிறந்த வருஷங்களைக் கல்சன் போனில் ஒவ்வொன்றாகச் சொன்னான். லாமா கணக்குப் போட்டுச் சொன்னதைத் தலையாட்டிக் கேட்டான். பிறகு காலணியால் பனியைக் கிளறிக்கொண்டு நின்றான்.

"அண்ணன முயல் வருஷத்துக்காரங்கதான் தொடணுமாம். புலி வருஷத்துல பொறந்தவங்க கிட்டயே போகக் கூடாதாம்."

"நான் புலிடா."

"தெரியும் அண்ணி."

இருபத்தாறு வருஷம் தாஷோடு ஒரே கம்பளியில் படுத்தவள் அவள். அழவும் முடியாது, போகிறவன் பாதையில் கண்ணீர் கடலாக நிற்கும் என்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அப்போது போன் கிணுகிணுத்தது. டாக்டரம்மா அனுப்பிய குரல் பதிவு; கல்சன் அமுக்கினான்.

"கேட்டேம்மா. பயப்படாத. இழுப்பு இருக்கு, ஆனா கடைசியில எவ்வளவு தெளிவாப் பேசறாரு பாரு. பேசற மனுஷனுக்கு ஒண்ணும் ஆயிடாது. நாளைக்குக் காலையில வண்டி வரும்."

பேசினானா? அவள் கேட்கவே இல்லையே. கல்சன் கையிலிருந்து போனை வாங்கித் தான் அனுப்பிய பதிவை அமுக்கினாள்.

அடுப்புக் கங்கு வெடிக்கிற சத்தம். இழுப்பு. மறுபடி இழுப்பு. வெளியே சேண வாரை இறுக்கியபடி குதிரையைத் திட்டுகிற அவள் குரலே தூரத்தில் கேட்டது. பிறகு, கிட்டத்தில், அவன்:

"ஏ ஹோர்லோ... தொப்பியப் போட்டுட்டுப் போ. காது விறைச்சுப் போயிடும்."

கொஞ்சம் பொறுத்து, இன்னும் மெதுவாக, "காதுல விழுந்துச்சா?"

பிறகு கதவுச் சத்தம். அவள் காலடிச் சத்தம். அத்தோடு முடிந்தது.

காற்று அறைந்தது. கல்சன் தன் நரித்தோல் தொப்பியைக் கழற்றி நீட்டினான். அவள் அதை வாங்கவில்லை. அவளுடைய தொப்பி கீழே கூடாரத்தில், தாஷின் கால்மாட்டில், அவள் கழற்றி வைத்த இடத்திலேயே இருந்தது.