கொட்டாஞ்சேனைக்குப் போன பை

எங்கள் குடும்பத்தில் நல்ல காரியத்துக்கு யாரும் இராகு காலத்தில் வாசல் தாண்டியதில்லை. என் பாட்டனார் தனுஷ்கோடியில் கப்பலேறியது நாள் பார்த்து. கொழும்புப் புறக்கோட்டையில் துணிக்கடை திறந்ததும் நாள் பார்த்து. அந்தக் கடை இன்றும் நடக்கிறது. ஆகவே அந்தச் சனிக்கிழமை காலை ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்ததும் நான் முதலில் பார்த்தது சுவர்க் கடிகாரத்தைத்தான். இராகு காலம் தொடங்கிவிட்டிருந்தது.

நான் சிரித்தேன்.

"அப்பா, சிரிச்சுக்கொண்டு நிக்காதீங்க! என்ன சொன்னவங்க?" என்று அஷ்வினி சாப்பாட்டு மேசையிலிருந்து கத்தினாள்.

"கிட்னி இருக்காம். உடனே வரட்டாம். அந்த இட்டலியை வை. பச்சைத் தண்ணியும் கூடாதாம்."

அவள் கையிலிருந்த இட்டலி தட்டில் விழுந்தது. என் மனைவி கோமளவல்லி "முருகா" என்று சொல்லிவிட்டுச் சேலை மாற்ற ஓடினாள்.

நான் சிரித்ததற்குக் காரணம் உண்டு. அஷ்வினி எங்கள் இளைய மகள். அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டு மூன்று வருடமாகிறது. என் இரத்தம் அவளுக்குச் சேர்ந்தது. என் வயதும் பிரஷரும் டாக்டருக்குச் சேரவில்லை. கோமளவல்லிக்குச் சர்க்கரை. ஆகவே மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து கிடைக்கும் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்துவிட்டு, டயாலிசிஸ் செய்துகொண்டு, அவள் குடிக்கும் தண்ணீரையும் அளந்துகொண்டு காத்திருந்தோம்.

முன்பும் ஒருமுறை அழைத்தார்கள். போனோம். இரத்தம் பொருந்தவில்லை என்று பின்னேரமே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். நாங்கள் புறப்பட்டது எமகண்டத்தில்.

"அது என்ட இரத்தத்தில இருக்கிற அன்டிபொடியால அப்பா, எமகண்டத்தால இல்ல" என்றாள் அஷ்வினி. இரண்டாகவும் இருக்கலாம் என்பது என் கருத்து. அன்றிரவு அவள், "இனி நான் எதையும் எதிர்பார்க்கப் போறதில்ல" என்று சொல்லிவிட்டுப் படுத்தாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் பேசியதில்லை.

அந்த வாரமே நான் பரஸ்தானம் வைத்தேன். புறப்படும் நேரம் நம் கையில் இல்லாதபோது எங்கள் ஆட்கள் செய்வது அது. நல்ல நேரம் பார்த்துப் பயணப் பையை மட்டும் முன்கூட்டியே வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பை வாசலைத் தாண்டினால் பயணம் தொடங்கிவிட்டது. பிறகு ஆள் எந்த நேரத்தில் கிளம்பினாலும் குற்றமில்லை. ஒன்று மட்டும் முக்கியம்: பை திரும்பி வீட்டுக்குள் வரக்கூடாது, போகிற வழியில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளவத்தையில் எங்கள் மாடியில் எதிர்வீடு பேர்ணடெற் டீச்சருடையது. ஓய்வுபெற்றவர், தனியாக இருக்கிறார். மாற்றுடை, சவர்க்காரம், அஷ்வினியின் கிளினிக் கோப்பு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, "காசி யாத்திரைக்கு நேர்ந்து வச்ச பை டீச்சர். உங்க வீட்டில இருக்கட்டும்" என்று கொடுத்தேன். பரஸ்தானம் நெடுநாள் தாங்காது என்பார்கள். அதனால் மாதம் ஒருமுறை நல்ல நேரத்தில் போய், அவர் வீட்டு ஹோலில் அந்த மூலையில் இருந்த பையை இந்த மூலைக்கு நகர்த்தி வைத்துவிட்டு வருவேன். டீச்சர் ஒரு கேள்வி கேட்டதில்லை. தேத்தண்ணீர் தருவார்.

காசி என்று சொல்ல வேண்டியிருந்தது. கல்யாணமாகாத பெண்ணின் நோய் வாசலுக்குள் இருக்க வேண்டிய செய்தி. டயாலிசிஸ் நாட்களில் அவள் கணக்கியல் வகுப்புக்குப் போகிறாள் என்றுதான் மாடி முழுவதும் சொல்லி வைத்திருந்தேன்.

அதனால்தான் சிரித்தேன்; இப்போது இராகு காலத்தால் எங்களை ஒன்றும் செய்ய முடியாது. நிமிர்ந்து நடந்துபோய் டீச்சரின் கதவைத் தட்டப் போனேன். கதவில் பூட்டுத் தொங்கியது.

டீச்சரின் போனுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது.

"கோப்பு இல்லாம அங்க ஒண்டும் நடக்காது அப்பா" என்றாள் அஷ்வினி. முகம் வெளுத்திருந்தது. "ரிப்போர்ட் எல்லாம் அதுக்குள்ளதான். ஒரிஜினல். உங்கட காசிப் பைக்குள்ள."

"ரிஸ்கான்! டீச்சர் வீட்டுப் பூட்டை உடைக்க வேணும், ஓடி வா!" என்று மாடிப்படியில் நின்று குரல் கொடுத்தேன். ஒழுங்கை முனையில் முச்சக்கரவண்டி வைத்திருப்பவன். அந்தக் கட்டடத்தில் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. ரிஸ்கானுக்கு முன்னால் கீழ்வீட்டுப் புஷ்பராஜ் ஓடி வந்தார், கையில் இரும்புக் கம்பியோடு, பாதிச் சவரத்தோடு.

"என்ன அய்யா, கிட்னி கிடைச்சிட்டுதா?"

"உமக்கு யார் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்ல. மூண்டு வருஷமாக் கணக்கியல் படிச்சுப்போட்டு, கையில பஞ்சு ஒட்டிக்கொண்டு வாற பிள்ளையை எங்களுக்குக் கண் தெரியாதா? தள்ளுங்க, பூட்டை உடைப்பம்."

மேல்வீட்டுக் கதவுகளும் திறந்தன. "பிள்ளைக்கு வந்திட்டுதாம்!" என்று மாடிக்கு மாடி குரல் போனது. யாரோ ஒரு பெண் கைதட்டினாள். அவமானமாக உணர எனக்கு நேரமில்லை. புஷ்பராஜ் கம்பியைப் பூட்டுக்குள் விட்ட அதே கணத்தில் என் போன் அடித்தது. பேர்ணடெற் டீச்சர்.

"டீச்சர், மன்னிக்க வேணும், உங்க கதவை உடைக்கப் போறோம்..."

"ஏன் என்ட கதவை உடைக்கிறீங்க? பை என்னோட இருக்கு!"

"எங்க?"

"கொட்டாஞ்சேனையில, தங்கச்சி வீட்டில. பூசைக்கு வந்தனான், போனை சைலண்ட்ல போட்டிருந்தன். நான் எங்க போனாலும் அதைக் கொண்டுதானே போறனான். போன் கோல் வரேக்க நான் வீட்டில இல்லாட்டி என்ன செய்வீங்க?"

"காசிப் பைக்குக் கோல் எதுக்கு டீச்சர்?" என்று கேட்டேன். பழக்க தோஷம்.

"அய்யா, காசிக்குப் போறவர் பொம்பிளைப் பிள்ளையின்ட சல்வாரும் கிளினிக் கோப்பும் கொண்டா போவார்? கதைச்சுக்கொண்டு நிக்காம வெளிக்கிடுங்க! நான் நேரா ஆஸ்பத்திரிக்கு வாறன்."

புஷ்பராஜ் கம்பியை இழுத்துக்கொண்டார். எனக்கு ஒரு விடயம் தெளிவாயிற்று. பை நல்ல நேரத்தில் புறப்பட்டது. திரும்பி எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. கொட்டாஞ்சேனை வரை முன்னேறியும் இருக்கிறது. இதைவிடச் சுத்தமான பரஸ்தானம் எங்கள் வம்சத்தில் எவரும் வைத்ததில்லை. படியிறங்கும்போது அஷ்வினியிடம் இதைச் சொன்னேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

காலி வீதியில் ரிஸ்கான் வண்டியைப் பறக்கவிட்டான். சிவப்பு விளக்கு வந்த இடத்திலெல்லாம் தலையை வெளியே நீட்டி, "கிட்னி! கிட்னி! வழி விடுங்க!" என்று தமிழிலும் சிங்களத்திலும் கத்தினான்.

"மெதுவாச் சொல்லுடா. குடும்ப விஷயம்" என்றேன்.

"மெதுவாச் சொன்னா ஒருத்தனும் வழி தரமாட்டான் மொதலாளி. நீங்க அந்தப் பக்கம் பார்த்துச் சொல்லுங்க, நான் இந்தப் பக்கம் சொல்றன்."

பம்பலப்பிட்டியில் ஒரு பஸ் குறுக்கே நின்றது. அஷ்வினி என் கையைப் பிடித்திருந்தாள். விரல்கள் ஐஸ் மாதிரி. நான் அந்தப் பக்கம் தலையை நீட்டி, "கிட்னி! கிட்னி!" என்று கத்தினேன். பஸ் ஒதுங்கியது. அதற்குப் பிறகு எல்லாச் சந்தியிலும் கத்தினேன். கோமளவல்லி என் சால்வையைப் பிடித்துக்கொண்டாள், நான் விழுந்துவிடாமல்.

ஆஸ்பத்திரி வாசலில் பேர்ணடெற் டீச்சர் பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். எங்களுக்கு முன்பே வந்துவிட்டார். கோப்பு உள்ளே போனது, அஷ்வினியின் இரத்தம் உள்ளே போனது, பிறகு கதவு சாத்தப்பட்டது.

மூன்று பேரை அழைத்திருந்தார்கள், சிறுநீரகம் இரண்டு. எங்களுக்கு அருகே மருதானையிலிருந்து வந்த தேனுஜன் என்ற பொடியனும் அவன் தாயும். மற்றவர் ஒரு சிங்கள ஆசிரியர். மூன்று குடும்பமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரே நீண்ட வாங்கில் உட்கார்ந்திருந்தோம். அந்தக் காலையில் எங்கோ ஒரு வீட்டில் சாவு விழுந்திருக்கிறது. அந்தத் துக்கத்தின் நடுவில் யாரோ ஒருவர் சம்மதம் என்று சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்ட குடும்பத்தின் பெயர்கூட எங்களுக்குச் சொல்லமாட்டார்கள். இருந்த இடத்திலேயே அவர்களைக் கும்பிட்டேன்.

"இந்த முறையும் இல்லையெண்டா?" என்று அஷ்வினி மெல்லக் கேட்டாள்.

"பையைத் திரும்ப டீச்சர் வீட்டில வைப்பம். அடுத்த முறை வருவம்."

"ஓம்" என்றாள் அவள், என் தோளில் சாய்ந்து. "வருவம்."

அந்த ஒரு சொல்லுக்காகவே நான் எத்தனை மாதம் அந்தப் பையை மூலைக்கு மூலை நகர்த்தியிருக்கிறேன்!

மத்தியானம் சாய்ந்த பிறகு டாக்டர் வெளியே வந்தார். தேனுஜனின் பெயரைச் சொன்னார். அவன் தாய் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "அஷ்வினி காசிவிஸ்வநாதன்" என்றார். பொருந்துகிறது, உடனே தயாராகுங்கள் என்றார். ஆசிரியர் எழுந்து எங்கள் இரு பக்கமும் கைகூப்பிவிட்டு நடந்தார். நானும் எழுந்து, அவர் படியிறங்கும் வரை நின்றேன். திரும்பினால் அஷ்வினி தள்ளுவண்டியில் ஏறிப் படுத்துவிட்டிருந்தாள், நேரமாகிவிட்டது என்பதுபோல.

"அப்பா, வந்த பிறகு நான் ஒரு முழு இளநீர் குடிப்பன். மிச்சம் வைக்காம" என்றாள். கதவு மூடியது.

பிறகு காத்திருந்தோம். டீச்சர் செபமாலை உருட்டினார். கோமளவல்லி கந்தனைக் கூப்பிட்டாள். நான் முதுகை நிமிர்த்தி இருந்தேன். யாராவது ஒருவர் அப்படி இருக்க வேண்டும்.

வெளியே விளக்குகள் எரியத் தொடங்கிய நேரத்தில் கதவு திறந்து ஒரு தாதி எட்டிப் பார்த்தாள். "அங்கிள், ஒபரேஷன் ஹரி. முத்ரா எனவா! ஹொந்தட எனவா!" என்று சிரித்தாள்.

புறக்கோட்டையில் பழகிய எனக்குச் சிங்களம் சொல்லித்தர வேண்டியதில்லை.

"என்னவாம், என்னவாம்?" என்று டீச்சர் என் கையை உலுக்கினார்.

"ஒபரேஷன் சரியாம், மூத்திரம் வருதாம் டீச்சர், கிட்னி வேலை செய்யுது!" என்றேன். அது போதவில்லை. எழுந்து நின்று, அந்த நீண்ட நடைபாதை முழுவதும் கேட்க, "என் மகளுக்கு மூத்திரம் வருது! நல்லா வருது!" என்று கத்தினேன். தூரத்தில் யாரோ கைதட்டினார்கள். போனில் புஷ்பராஜைப் பிடித்து அவருக்கும் கத்தினேன். அந்தப் பக்கம் எங்கள் கட்டடமே கூவியது.

கோமளவல்லி என் சால்வையை இழுத்தாள். "சும்மா கத்திக்கொண்டு நிக்காம, எவ்வளவு வருது எண்டு போய்க் கேளுங்க."

கேட்கப் போனேன்.