நோஞ்சான் குஞ்சுகள்

கணினியில் விடை வந்ததும் மருமகள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். புதுத் தீவனம் தின்ற கோழிக்குஞ்சுகளின் சராசரி எடை, பழைய தீவனம் தின்றவற்றைவிட நன்றாகவே கூடியிருந்தது. இத்தனை வித்தியாசம் வெறும் தற்செயலாக வருவது அபூர்வம் என்றது புள்ளியியல் சோதனை. வழிகாட்டிப் பேராசிரியருக்கு அனுப்பிவிட்டால் போதும். பிள்ளைப்பேற்றில் பாதியில் நின்று, ஏச்சுக்கும் பேச்சுக்கும் நடுவே இழுத்த படிப்பு கரை சேர்ந்துவிடும்.

நேரே கொல்லைக்கு ஓடினாள். அங்கே மாமனார் இருந்தார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். தீவனத்துக்கு ஒன்றாக நின்ற இரண்டு கொட்டகையும் அவர் கைவேலைதான். தாய்க்கோழி தோற்றுப்போகும், அப்படி ஒரு கவனிப்பு.

"மாமா, ஜெயிச்சிட்டோம்!"

"பின்ன? தடியனுங்க கொத்துறானுங்கன்னு மொத வாரமே நோஞ்சானையெல்லாம் பழைய தீவனப் பக்கம் மாத்திட்டேன்ல. கணக்கு தப்பக் கூடாதுன்னு அங்கேருந்து அதே எண்ணிக்கைல தடியன புதுத் தீவனப் பக்கம் விட்டேன். எந்தப் பக்கத்துக் குஞ்சுன்னு காட்டுற கால் வளையத்தக்கூட மறக்காம மாத்தினேம்மா."

அவள் இரண்டு கொட்டகையையும் மாறி மாறிப் பார்த்தாள். வலுத்ததும் இளைத்ததும் இரண்டு பக்கமும் கலந்திருக்கட்டும் என்றுதான் சீட்டுக் குலுக்கிப் பிரித்திருந்தாள். இப்போது எடை கூடியது தீவனத்தாலா, மாமாவின் இரக்கத்தாலா? எந்தச் சோதனையும் சொல்லாது. வெளியே யாருக்கும் தெரியவும் போவதில்லை. அந்த நினைப்பு வந்ததும் அவளுக்கே கூசியது.

கோபப்படலாம் என்று பார்த்தால் அதுவும் வரவில்லை. ஓடி வருகிறவர்களுக்காக நிறுத்தமில்லாத இடத்திலெல்லாம் வண்டியை நிறுத்தி மெமோ வாங்கிய மனுஷன். அவள் மேலே படிக்கட்டும் என்று வீட்டில் முதலில் சொன்னதும் அவர்தான்.

பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள். அவர் முகம் தொங்கிப்போயிற்று.

"கெடுத்துட்டேனாம்மா?"

"மறுபடி செய்வோம் மாமா. சார்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

புதுக் குஞ்சுகள் வந்தன. அவள் சீட்டைப் பிரித்துப் படிக்கப் படிக்க, அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக விட்டார். இருப்பதிலேயே இளைத்த ஒன்றுக்கு வலது கொட்டகை விழுந்தது. தடியன்களில் பெரும்பாலானவை அங்கேதான் சேர்ந்திருந்தன.

"வலது, மாமா."

"காதுல விழுந்துச்சும்மா."

குஞ்சு அவர் உள்ளங்கையில் கண்ணை மூடிக்கொண்டது. அவர் வலது கொட்டகைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அடுத்த சீட்டை எடுக்காமல் அவளும் நின்றாள்.