ஆறு பத்துக்கு இட்ட கையெழுத்து

விமானம் துறைமுகக் கடலில் விழுந்த அன்று, காலை ஆறு பத்துக்கு, நான் எங்கள் பாலையூற்றுக் கோயிலில் மாதாவின் சொரூபத்தைத் தோளில் சுமந்துகொண்டு நின்றேன். நூறு பேராவது கண்டிருப்பார்கள். அதே ஆறு பத்துக்கு விமானத்தின் பெற்றோல் தாங்கியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்தும் வைத்திருக்கிறேன். அஞ்சலோ என்ற ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில். புனிதர்களுக்கே அபூர்வமாகக் கிடைக்கும் வரம்.

நாலு பேர் இருக்கக்கூடிய சின்ன விமானம் அது. நான் அதன் மெக்கானிக். இரவில் மழை பெய்தால் தாங்கி மூடி வழியாகத் தண்ணீர் கசிந்து பெற்றோலுக்கு அடியில் போய்த் தங்கிவிடும்; அது இயந்திரத்துக்குப் போனால் இயந்திரம் நின்றுவிடும். அதனால் ஒவ்வொரு காலையும் இறக்கைக்குக் கீழே உள்ள வடிகுழாயைத் திறந்து, கொஞ்சம் பெற்றோலைக் கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. எனக்கோ மறுநாள் மாதா திருநாள், சொரூபம் தூக்க முன்வரிசையில் இடம் கேட்டு வாங்கியிருந்தேன். ஆகவே முதல் நாள் பின்னேரமே பார்த்தேன், சுத்தமாக இருந்தது. பதிவுத்தாளில் மறுநாள் திகதியும் 6.10 என்று நேரமும் எழுதி ஒப்பமிட்டேன். பார்த்தது உண்மைதானே என்று மனச்சாட்சிக்கு நானே வக்கீலாக நின்றேன். அன்றிரவு மழை கொட்டியது. ஊர்வலம் நனையப் போகிறதே என்றுதான் கவலைப்பட்டேன்.

விமானி ஹஸ்மி தனியாகத்தான் ஏறினான். அவனும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது விதி. "அஞ்சலோ அண்ணன் பாத்தா நான் பாக்கத் தேவையில்லை" என்பான். அதில் எனக்குப் பெருமை வேறு. மேலெழுந்து சற்று நேரத்தில் இயந்திரம் நின்றுபோயிற்று. கிண்ணியா மீனவர்கள் அவனை இழுத்தெடுத்தார்கள். கால் இரண்டு இடத்தில் முறிவு. தாங்கிக்குள் கடல் நீர் புகுந்துவிட்டதால் மழைத் தண்ணீரை இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நான் தப்பிவிட்டேன்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு ஒன்பது நாள் சோறு இறங்கவில்லை. கோயில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். "என்னட்ட மட்டும் சொன்னாக் காணாது, அந்த விமானியிட்டையும் போய்ச் சொல்லும்" என்றார் சுவாமி.

விசாரணைக்காரர் கொழும்பிலிருந்து வர ஒரு நாள் இருக்கும்போது ஹஸ்மியின் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி றுமானா கதிரையை இழுத்துப் போட்டுவிட்டுத் தேநீர் போடக் குசினிக்குப் போனாள். நான் வாய் திறக்க முன் அவன் தொடங்கிவிட்டான்.

"அண்ணன், பிழை என்னில எண்டு எழுதிக் குடுக்கப் போறன். நீங்க எல்லாம் சரியாப் பாத்திருக்கிறீங்க, பேப்பர் இருக்கு. அப்ப நான்தான் என்னவோ பிழையாச் செய்திருக்கிறன். லைசன்ஸ் போனாப் போகட்டும். நீங்க பாத்துத் தந்த விமானத்தை விழுத்திப்போட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்க."

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான்! நிலம் பிளந்து விழுங்காதா என்றிருந்தது.

"எழுதாதையும் தம்பி. ஆறு பத்துக்கு நான் கோயில்ல நிண்டனான். பாத்தது முதல் நாள் பின்னேரம். மழைக்குப் பிறகு பாக்கேல்ல. நாளைக்கு விசாரிக்க வாறவையளிட்டையும் இதைத்தான் சொல்லுவன்."

கத்துவான், அடிக்கக்கூட எழும்புவான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கட்டுப்போட்ட காலைப் பார்த்தபடி கேட்டான்.

"இது முதல் தரமா அண்ணன்?"

"இல்லை. அவசரம் எண்டா முந்தியும் செய்திருக்கிறன்."

"பெருநாள் முடிஞ்ச கிழமை றுமானாவையும் பிள்ளையையும் ஏத்திக்கொண்டு பறந்தனான். அண்டைக்கு?"

றுமானா தேநீரோடு கதவடியில் நின்றாள். எவ்வளவு யோசித்தும் அந்தக் காலை ஞாபகத்துக்கு வரவில்லை. பார்த்திருப்பேன் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.

"தெரியாது தம்பி" என்றேன்.