முதல் சுற்று

“ஸ்டியரிங்கிட்ட இருக்கிற லிவரைப் பின்னாடி இழுத்து வெச்சுட்டுத்தான் ஹேண்டில் போடணும். முன்னாடி இருந்தா எஞ்சின்ல தீப்பொறி முந்திக்கும். ஹேண்டில் கழுதை மாதிரி உதைக்கும்.”

“உதைச்சா?”

“நீ கட்டிக்கப் போறவனுக்குக் கை போயிடும்.”

“கட்டிக்கிறேன்னு யாரு சொன்னா? முதல்ல அப்பாகிட்ட வந்து கேளு, பெரிய தைரியசாலி!”

கம்மியன் கோட்ஹில்ஃபும் முதலாளி மகள் ரோசினேயும் இப்படிப் பேசிக்கொண்டு நான்கு வருடங்களாகின்றன. அவன் இன்னும் கேட்கவில்லை.

ஜெர்மனியில், நெக்கார் ஆற்றங்கரையில் அவள் அப்பா நடத்திய கார் பட்டறையில் ஒரு வழக்கம். வண்டியை ஒப்படைக்கும் நாளில் எஞ்சினைக் கோத்தவனே வண்டிக்கு முன்னால் நின்று ஹேண்டிலைச் சுற்றிக் கிளப்புவான்; முதலாளி மகள் ஸ்டியரிங் முன்னால் உட்காருவாள். ஒரே சுற்றில் எஞ்சின் எழுந்தால் அவன் கேட்பதை முதலாளி மறுக்கக் கூடாது. அந்த அறுபது குதிரைத்திறன் எஞ்சின்கள் மூன்று சுற்றுக்கு முன்னால் எழுந்ததே கிடையாது. இந்த முறை கோட்ஹில்ஃப் குளிர்காலம் முழுக்க வால்வுகளைக் கையாலேயே தேய்த்துக் கச்சிதமாகப் பொருத்தியிருந்தான். எதற்காக என்று ரோசினேவுக்குத் தெரியும். அவள் அப்பாவுக்கும் தெரியும். வண்டி வாங்க வந்திருந்த மூனிக் பீர் ஆலைக்காரர், மனைவியை இழந்தவர். அவருக்கு ரோசினேயைத் தருவதாக அப்பா போன வாரமே வாக்குக் கொடுத்திருந்தார்.

அவள் ஏறி உட்கார்ந்ததும் அப்பா அருகில் வந்து, கழுத்துப் பட்டையைச் சரிசெய்து, கன்னத்தைத் தட்டினார். “லிவரை முன்னாடி தள்ளும்மா. இதுல பொறி குடுக்கிற மேக்னெட்டோ புதுசு. எல்லாமே தலைகீழ்.”

அவர் அவளிடம் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. தள்ளினாள்.

கோட்ஹில்ஃப் ஹேண்டிலைத் தூக்கினான். பாதிச் சுற்றில் வெடி போல ஒரு சத்தம். ஹேண்டில் திரும்பி அடித்து அவனைக் கீழே தள்ளியது. அவன் மணிக்கட்டு உலர்ந்த சுள்ளியாக முறிந்ததை ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்த ரோசினேயே கேட்டாள்.

“ஐயோ பாவம்! பொம்பளை கையில லிவரைக் குடுத்தா இப்படித்தான்,” என்றார் அப்பா, பீர் ஆலைக்காரரைப் பார்த்து. ஆலைக்காரர் சிரித்தார்.

“அப்பா, நீங்கதானே தள்ளச் சொன்னீங்க!”

“நானா? பயத்துல உளறாதம்மா.”

கோட்ஹில்ஃப் எழுந்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. முதலாளியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

“ரோசினே, லிவரைப் பின்னாடி இழு.”

“வேண்டாம், கோட்ஹில்ஃப்!”

“இழு.”

இழுத்தாள். அவன் வலது கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, இடது கையால் ஹேண்டிலைப் பிடித்து, தோளைக் கொடுத்துத் தூக்கினான்.

ஒரே சுற்று. எஞ்சின் எழுந்து, சீராக ஓடத் தொடங்கியது.

“இது ரெண்டாவது சுத்துடா,” என்றார் அப்பா. “கையில்லாத கம்மியனுக்குக் கேட்க என்ன இருக்கு?”

“முதல் சுத்து முடியவே இல்லையே முதலாளி. பாதியிலேயே நீங்க உதைச்சுட்டீங்க.” அவனுக்கு மூச்சு வாங்கியது. “உங்க பொண்ண எனக்குக் குடுங்க.”