விடுபட்ட துண்டின் முகவரி

காலை ஒன்பதரைக்குக் கத்திரிக்கோல் வந்து சின்னவளின் மேசையில் ஒரு தாளை வைத்துவிட்டுப் போனார். மென்பொருளின் புதிய பதிப்பில் எது இருக்கலாம், எதை வெட்டலாம் என்று முடிவு செய்பவர் அவர். பட்டப்பெயர் அதனால் ஒட்டிக்கொண்டது. தாளில் இரண்டே வரி: ‘உன் மாட்யூல் நேற்றும் இயந்திரத்தைச் சாய்த்துவிட்டது. பதினொரு மணிக்குள் காரணம் தெரியாவிட்டால் அது இந்தப் பதிப்பில் இல்லை.’

சின்னவள் அதை இரண்டு முறை படித்தாள். தண்ணீர்க் குழாயின் அழுத்தத்தை அளக்கும் மின்சுற்று அட்டையை, இயங்குதளத்தின் மையமான கெர்னலோடு பேசவைக்கும் நிரல்தான் அந்த மாட்யூல். ஏழு மாத உழைப்பு.

“மூஞ்சியைத் தொங்கப் போடாதே,” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள் அண்ணி. சோதனைப் பிரிவில் இருந்தவளை வீட்டுக்கு அழைத்துப்போய் அண்ணனுக்குக் காட்டியதே சின்னவள்தான். “டம்ப் இருக்குல்ல, அதைக் கேளு.”

இயந்திரம் விழுந்த நொடியில் அதன் நினைவகத்தை அப்படியே அள்ளி வைத்த கோப்புதான் டம்ப். அதைப் பிரித்துப் பார்க்கும் கருவி, விழுந்த முகவரியைச் சொல்லும். பிழை தேடுவதற்கென்றே இருக்கும் மாட்யூலின் டீபக் கோப்பையும் ஏற்றினால், அந்த முகவரி நிரலின் எந்தப் பகுதியில், அதாவது எந்த ஃபங்ஷனில், எந்த வரி என்றும் சொல்லும்.

சொன்னது. ‘போயிட்டு வரேன்’ என்று இருவரும் செல்லமாகக் கூப்பிடும் ஃபங்ஷனாம். மாட்யூலைக் கழற்றும்போது மட்டும் ஓடுவது.

“நேத்து மாட்யூலைக் கழட்டினீங்களா, அண்ணி?”

“நான் ஏன் கழட்டறேன்? அது பாட்டுக்கு அளந்துக்கிட்டிருந்தது, பட்டுன்னு விழுந்துச்சு.”

“யாருமே கழட்டலைன்னா இது எப்படி ஓடும்?” சின்னவள் நிமிர்ந்தாள். “அண்ணி, கருவி புளுகுது!”

டீபக் கோப்பில் மாட்யூல் துண்டு துண்டாகக் கிடக்கும். ஒவ்வொரு துண்டும் தன்னைப் பூஜ்யத்திலிருந்து எண்ணிக்கொள்ளும். கெர்னல்தான் அவற்றை நினைவகத்தில் வரிசையாக உட்காரவைக்கிறது. அந்த இடங்களைக் கருவி தானாகக் கணக்கிட்டுக் கூட்டிக்கொள்ள வேண்டும். சின்னவள் கோப்பின் துண்டுப் பட்டியலையும் கருவியின் பட்டியலையும் அருகருகே வைத்து விரலால் எண்ணினாள். கோப்பில் ஆறு துண்டு. கருவியின் கணக்கில் ஐந்து.

விடுபட்டது எது? எப்போதாவது மட்டும் ஓடும் வரிகளை, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் தனியே ஒதுக்கிவைக்கும் துண்டு. கருவியோ பழசு, அதற்கு அந்தப் பெயரே தெரியாது.

“பஸ்ல ஒருத்தரை விட்டுட்டு எண்ணினா, அவருக்குப் பின்னாடி இருக்கிறவங்க எல்லாம் ஒரு சீட்டு முன்னாடி வந்துடுவாங்களே!” என்றாள் அண்ணி.

“அதேதான்! விடுபட்டவர் சீட்டுல ‘போயிட்டு வரேன்’ ஏறி உட்கார்ந்திருக்கு. இனிமே கருவியோட கணக்கே வேணாம். எந்தத் துண்டு எங்கேன்னு கெர்னலே குறிச்சு வெச்சிருக்கும், அதுவும் டம்ப்ல இருக்கும். நீங்க படிங்க, நான் அடிக்கிறேன்.”

எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்த பதினாறு இலக்க முகவரிகளை அண்ணி ஒவ்வொன்றாகப் படித்தாள். சின்னவள் அடித்தாள். ஆறும் முடிந்ததும் கேட்டுப் பார்த்தால், அந்த முகவரியில் ஒன்றுமே இல்லை என்றது கருவி. மணி பத்தே முக்கால்.

“மூணாவதை மறுபடி படிங்க.”

“ஜீரோ, நாலு, டி...”

“டியா? நான் பி போட்டிருக்கேன்! டப்பா டியா, பந்து பியா?”

“டப்பாதான், தாயே! வீட்டுல உப்பு கேட்டாலும் பருப்பைத்தானே எடுத்துத் தருவே!”

ஓர் எழுத்தை மாற்றினாள். மறுபடி கேட்டாள். இந்த முறை கருவி கொஞ்சமும் தயங்கவில்லை. வேறொரு ஃபங்ஷன், வரி முந்நூற்றுப் பதினெட்டு. அளவுகளைச் சேர்த்துவைக்க நினைவகம் கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்று போன மாதம் அவசர அவசரமாக எழுதிய இடம். மேலே ஒருமுறை கெர்னலிடம் திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகத்தை, நாலு வரி தள்ளி மறுபடியும் திருப்பிக் கொடுத்திருந்தாள்.

“என் தப்புதான்!” சின்னவள் நாற்காலி உருண்டோட எழுந்து நின்று கத்தினாள். “அண்ணி, என் தப்பேதான்!”

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். “தப்புக்கு இவ்வளவு சந்தோஷமா?”

“இடம் தெரிஞ்சுடுச்சு சார்! ஒரே ஒரு வரி!”

கத்திரிக்கோல் வந்தபோது பதினொன்றுக்கு மூன்று நிமிடம் இருந்தது. திரையைப் பார்த்தார். இரண்டு பட்டியலையும் பார்த்தார். “காரணம் சரி. இதுதான்னு எப்படி நம்பறது?”

அண்ணி முந்திக்கொண்டாள். “நினைவகம் கிடைக்காத மாதிரி நானே பண்றேன். பழசு விழணும், திருத்தினது நிக்கணும். பார்த்துட்டு வெட்டுங்க.”

அந்த வரியை நீக்கி மாட்யூலைப் புதிதாகக் கட்ட நாலு நிமிடம் ஆனது. முதலில் பழசை ஏற்றினார்கள். நினைவகத்தை மறுத்த உடனே இயந்திரம் குப்புற விழுந்தது. அது எழுந்ததும் புதியதை ஏற்றினார்கள். ஒரு முறை மறுத்தார்கள், நூறு முறை, ஆயிரம் முறை. குழாயின் அழுத்தம் திரையில் நொடிக்கொரு தடவை வந்துகொண்டே இருந்தது.

“சாயந்தரம் வரைக்கும் ஓடவிடுங்க. விழாம நின்னா, பதிப்புல இருக்கு,” என்றார் கத்திரிக்கோல்.

அவர் கதவைத் தாண்டுவதற்குள் சின்னவள் அண்ணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

“விடுடி, மூச்சு முட்டுது! ரெண்டாயிரமாவது போய்க்கிட்டிருக்கு, பாரு!”