பில்ரருக்கும் பிள்ளையாருக்கும் நடுவே

அருளம்பலத்துக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. பஞ்சாங்கத்தில் மழை என்று போட்டிருந்தால் வெங்காயத்தை முற்றத்தில் காயப்போடுகிற மனிதர். அப்படிப்பட்டவர் வாகனம் வாங்கப் புறப்பட்டால் அது சுலபத்தில் நடக்கிற காரியமா?

வாகனம் கேட்டது அவரில்லை, அவருடைய மனுசி மீனாம்பிகை. முழங்காலில் ஒப்பரேசன் செய்த பிறகு அவளால் பஸ் படி ஏற முடியவில்லை. ஓட்டோவில் குறண்டி இருந்தால் கால் விறைத்துவிடும். கோண்டாவில் வீட்டுக்குள்ளேயே அடைபட்டு, உடுப்பிட்டியில் இருக்கிற தங்கச்சியின் முகத்தைத் தொலைபேசியில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவள் உன்னைப் பாக்கிறாள், நீ அவளைப் பாக்கிறாய். பேந்தென்னத்துக்குப் போவான்?" என்று கேட்பார் அருளம்பலம்.

மகளும் மருமகனும் நெருக்கி நெருக்கிக் கடைசியில் ஓமென்றார். ஆனால் ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு நொட்டை சொன்னார். பெற்றோல் கார் குடிகாரன் மாதிரிக் குடிக்குமாம். பற்றரியில் ஓடுகிற கார் மின்னலுக்கு வெடிக்குமாம். எஞ்சியது டீசல்தான். ஏழு பேர் ஏறக்கூடிய, படி பதிந்த டீசல் கார் ஒன்று குருநகர் சந்தியோகுவிடம் இருக்கிறதென்று மருமகன் தனோஜன் கண்டுபிடித்தான். கண்டுபிடித்ததோடு நின்றிருக்கலாம். படித்த பிள்ளை, நிற்குமா? தொலைபேசியில் வாசித்து விளக்கமும் சொன்னான்.

"மாமா, உந்த டீசல் கார்களிலை புகைக்குழாய்க்கு நடுவிலை ஒரு பில்ரர் இருக்குது. புகையிலை வாற கரியை அது பிடிச்சு வைக்கும். நிறைஞ்சால், நிப்பாட்டாமல் தூர ஓடவேணும். அப்ப சூடேறித் தன்ரை கரியைத் தானே எரிச்சுப்போடும். சந்தைக்கும் கோயிலுக்குமா நிண்டு நிண்டு ஓடினா அடைச்சுப்போம்."

"யாழ்ப்பாணத்திலை நிப்பாட்டாமல் எங்கை தம்பி ஓடுறது? ஒரு பக்கம் மாடு, ஒரு பக்கம் தேர், மற்றப் பக்கம் பொலிஸ். வாகனம் வாங்குறது நாங்கள் அதை ஓட்டவோ, அது எங்களை ஓட்டவோ?"

"அடைச்சா மாத்துறது பெரிய செலவு மாமா. அதாலை சிலர் பில்ரரை வெட்டி எறிஞ்சுபோட்டு வெறுங்குழாயைப் பூட்டி விக்கினமாம்."

அருளம்பலத்தின் முகம் மலர்ந்தது. எங்கே களவு இருக்கிறதென்று தெரிந்தால்தான் அவருக்கு நிம்மதி.

சந்தியோகு பழைய லொறிச் சாரதி. இப்போது வாகனம் வாங்கி விற்கிறவர். அருளம்பலம் அவருடைய வீட்டுக்குப் போய் வணக்கம் சொல்லவில்லை. தோளில் கிடந்த வெள்ளைச் சால்வையின் தலைப்பைப் புகைக்குழாய்க்குள் விட்டுத் துடைத்தார். கறுப்பாக வந்தால் பில்ரர் இல்லை என்று அர்த்தம். வெள்ளையாகவே வந்தது.

"கழுவிப்போட்டீர்," என்றார்.

"ஐயா, கறுத்து வந்திருந்தா?"

"வெட்டிப்போட்டீர் எண்டிருப்பன்."

"அப்ப நான் எப்பிடித்தான் ஐயா தப்புறது?"

"தப்பப்படாது. அதுக்குத்தானே வந்தனான்."

சந்தியோகுவுக்குப் பொறுக்கவில்லை. நாளைக்கே கண்டி வீதியால் கிளிநொச்சி தாண்டி ஓடிப் பார்ப்போம் என்றார். மீனாம்பிகை விடியற்காலமே குளித்து, பட்டுச்சேலை உடுத்தி, கலியாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி வாசலில் நின்றாள். எங்கே போகிறோம் என்றுகூட அவள் கேட்கவில்லை.

சந்தியோகு ஓட்டினார். பக்கத்தில் அருளம்பலம். பின்னால் மீனாம்பிகையும் தனோஜனும். ஸ்ரியறிங்குக்கு முன்னால், வேகம் காட்டுகிற முள்ளுகள் ஆடுகிற இடத்தில், அந்தோனியார் படம் ஒன்று ஒட்டியிருந்தது. வேறு இடமா இல்லை, அங்கே ஏன் ஒட்டினார் என்று அருளம்பலம் யோசித்தார். கேட்கவில்லை. சாமி விசயம். ஆனையிறவு போனது, கிளிநொச்சிச் சன நெரிசல் போனது. அதைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் அந்தோனியாரின் தலைக்குப் பின்னால் செம்மஞ்சள் ஒளி ஒன்று வந்தது.

"ஐயோ, சாமிக்கு வெளிச்சம் வந்திட்டுது," என்று மீனாம்பிகை கைகூப்பினாள்.

"அது சாமியில்லை மாமி. பில்ரர் லைட்," என்றான் தனோஜன்.

"மறைச்சு ஒட்டியிருக்கிறீர்!" என்று அருளம்பலம் துள்ளினார்.

"மறைக்கேல்லை ஐயா, காவலுக்கு ஒட்டினது," என்றார் சந்தியோகு. அவருடைய காது சிவந்துபோயிருந்தது. "லைட் வந்தது நல்லதுக்குத்தான். இப்ப இதே வேகத்திலை போனா கரி எரிஞ்சு லைட்டும் நூந்துபோம். உங்கடை கண்ணாலை பாருங்கோ. ஆனா நிப்பாட்டப்படாது."

எல்லோரும் அந்தோனியாரையே பார்த்துக்கொண்டு போனார்கள். வெளிச்சம் அணையவில்லை. வீதியோரத்தில் கச்சான் கடலைக் கடைகள் தெரியத் தொடங்கின.

முறிகண்டி.

கண்டி வீதியில் போகிற எந்த வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாரைத் தாண்டும்முன் நிற்கும். தேங்காய் உடைக்கும், கற்பூரம் கொளுத்தும், கச்சான் வாங்கும், பிறகுதான் போகும். சைவக்காரன், வேதக்காரன் என்ற பேதமில்லை. நிற்காமல் போய்ப் பழுதுபட்ட வாகனங்களின் கதை ஆயிரம் உண்டு. நின்றும் பழுதுபட்டவற்றின் கதையை யாரும் சொல்வதில்லை.

"நிப்பாட்டும். பிள்ளையார்," என்றார் அருளம்பலம்.

"ஐயா, பில்ரர் எரியுது. இப்ப நிப்பாட்டினா அரைவேக்காடு."

"பிள்ளையாரிலும் பாக்க உம்மடை பில்ரர் பெரிசோ?"

"மாமா, திரும்பி வரேக்கை கும்பிடலாம்," என்றான் தனோஜன்.

"பிள்ளையார் போறவனைப் பாத்துத்தான் கணக்கு வைக்கிறவர். வாறவனை இல்லை."

"என்னாலையும் ஏலாது தம்பி," என்றார் சந்தியோகு பரிதாபமாக. "லொறி ஓடின காலத்திலையிருந்து நிக்காமல் போனதில்லை. கால் தன்ரைபாட்டிலை பிரேக்குக்குப் போகுது."

வாகனம் ஒரு மரத்தடியில் நின்றது. இங்கேதான் அருளம்பலத்துக்கு அந்த அருமையான புத்தி வந்தது.

"எஞ்சினை நிப்பாட்டாதையும். எரியிறது எரியட்டும், நாங்கள் கும்பிட்டிட்டு வாறம். ரெண்டு பேருக்கும் நியாயம்."

சந்தியோகு அந்தோனியாரைப் பார்த்தார், கோயிலைப் பார்த்தார், தலையாட்டினார்.

மரத்தடியில் காய்ந்த சருகு. சருகுக்கு மேல், கச்சான்காரிகள் பல நாளாகக் கொட்டிய கோது. அதற்கு மேல் நெருப்பாகச் சுட்டுக்கொண்டிருந்த பில்ரர். அருளம்பலம் தேங்காயைத் தலைக்கு மேலே தூக்கினார். "பிள்ளையாரே, உந்த வாகனத்திலை களவிருந்தால் இப்பவே காட்டு," என்று வேண்டினார். தேங்காய் சிதறியது.

"ஐயோ! வாகனம் பத்துது!" என்று கச்சான்காரி ஒருத்தி கத்தினாள்.

வாகனத்துக்கு அடியிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பியது. சந்தியோகு பாய்ந்து ஏறி அதை முன்னால் நகர்த்தினார். தனோஜன் தொலைபேசியில் என்ன செய்யவேண்டும் என்று தேடினான். கச்சான்காரி குடத்துத் தண்ணீரை ஊற்றி நெருப்பை அணைத்தாள். வறுத்த கச்சான் வாசம் ஊரெல்லாம் மணத்தது. வாகனத்துக்கு ஒரு கீறலும் இல்லை.

"பாத்தீரோ! பிள்ளையார் காட்டிப்போட்டார்," என்றார் அருளம்பலம். "எரியிற வாகனத்தை என்ரை தலையிலை கட்டப் பாத்தீர்."

சந்தியோகு இடுப்பில் கைவைத்தார். "ஐயா, பில்ரரை வெட்டிப்போட்டன் எண்டு சந்தேகப்பட்டது ஆர்? நீங்கள். வெறுங்குழாய் உப்பிடிச் சுடுமோ? இல்லாத பில்ரர் எப்பிடியையா கோதைக் கொளுத்தினது?"

கூடி நின்ற சனம் சிரித்தது. அருளம்பலம் சால்வையை உதறித் தோளில் போட்டார். சந்தேகம் ஒன்று செத்தால் அந்த இடத்தில் இன்னொன்று முளைக்கவேண்டும். முளைத்தது.

"சரி, இருக்குது. இருக்கிறதுதான் இப்ப பிழை. கிழமைக்குக் கிழமை உந்தக் காரைத் தூரம் கூட்டிக்கொண்டு போக நான் என்ன உதுக்கு மாப்பிள்ளையோ? வேண்டாம். திருப்பும் வாகனத்தை, போவம்."

மீனாம்பிகை கச்சான்காரியின் வாங்குப் பலகையில் இருந்தபடி கால்களை நீட்டிக் கச்சான் உடைத்துக்கொண்டிருந்தாள். எழும்பவில்லை.

"தம்பி சந்தியோகு, உண்மையைச் சொல்லவேணும். கிழமைக்கொருக்கா தூர ஓடாட்டில் உது பழுதாப்போமோ?"

சந்தியோகு தயங்கினார். கோயில் வாசலில் பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஓம் அக்கா. அடைச்சுப்போம்."

"வீட்டிலை பூட்டி வைக்கேலாதோ?"

"ஏலாதக்கா."

"அப்ப எனக்கு உதுதான் வேணும்."

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்?" என்றார் அருளம்பலம்.

"விசரில்லை. பழுதில்லாத வாகனம் வாங்கினா நீங்கள் எனக்காக ஒருநாளும் எடுக்கமாட்டியள். உது பழுதாப்போமெண்ட பயத்திலையெண்டாலும் எடுப்பியள்."

சனம் இந்த முறை சிரிக்கவில்லை. சுற்றி நின்ற பெண்கள் அருளம்பலத்தையே பார்த்தார்கள். தனோஜன் தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

அவர் குனிந்து வாகனத்தின் அடியைப் பார்த்தார். பார்க்க அங்கே ஒன்றுமில்லை.

"உடுப்பிட்டி வரைக்கும் ஓடினா எரியுமோ?" என்று நிமிராமலே சந்தியோகுவைக் கேட்டார்.

"வழியிலை நிப்பாட்டாமல் போனா எரியும் ஐயா. வடிவா எரியும்."

"நான் நிப்பாட்டமாட்டன்," என்றார் அருளம்பலம். "ஆனா உவள் தங்கச்சி வீட்டிலை இறங்கினா, பேந்து லேசிலை ஏறமாட்டாள். அதுக்கு உம்மட்டை பில்ரர் ஏதும் இருக்கோ?"